கட்டத்துக்குள் அடங்காத மலை

பால்மரம் வெட்டுகிறவருக்கு மழை எத்தனை மணிக்குப் பெய்தது என்பதுதான் முதல் கேள்வி. எவ்வளவு பெய்தது என்பது அதற்குப் பிறகுதான். விடியலுக்கு முன் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் தலைமுறை தலைமுறையாக இருட்டிலேயே நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனார்கள். அதிகாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் தூறினாலே பட்டை நனைந்துவிடும். அதில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு விலகிப் பட்டையெங்கும் வழியும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து கெடும். அன்றைய வேலை போனது போனதுதான். அதைப்போல இருபது மடங்கு மழை மாலை நான்கு மணிக்குக் கொட்டினாலும் தோட்டத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வடக்கே முடா சமவெளியில் நெல் நடுகிறவருக்கு மணிக்கணக்கு பெரிதில்லை. அவர் மாதத்தைப் பார்க்கிறார். 1970-இல் அமைந்த முடா வேளாண் மேம்பாட்டு வாரியத்தின் கீழ் சுமார் 100,000 ஹெக்டர் வயல் இருக்கிறது. பெடு அணையும் முடா அணையும் இருந்தாலும், பயிருக்குக் கிடைக்கும் நீரில் ஏறத்தாழப் பாதி வானத்திலிருந்து நேராக வயலில் விழுவதுதான். 1977-78 வறட்சியில் அணைகள் இறங்கி, 1978-இல் ஒரு போகமே கைவிடப்பட்டது. அவருக்குத் தெரிய வேண்டியது ஏப்ரல் மழை நேரத்துக்கு வருமா என்பது. கப்பாளா பாத்தாஸ் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானிக்கோ அடுத்த இருபது நிமிடம் போதும். புத்ராஜெயாவில் கோப்போடு உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு 2050-இன் பருவநிலை வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் வைத்திருக்கும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை, சுருக்கமாக மெட்மலேசியா. ஒரு நாட்டின் வானிலைத் துறை தன் ஆராய்ச்சியை எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்று கேட்டால், நிறுவன வரைபடத்தை விரித்துப் பிரிவுகளின் பெயரைப் படிப்பது ஒரு வழி. தேசியப் பருவநிலை மையம், வளிமண்டல அறிவியல் மற்றும் மேக விதைப்புப் பிரிவு, கடல் வானிலைப் பிரிவு, ஆய்வு மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுப் பிரிவு என்று அது நீளும். பெயர்கள் அவ்வப்போது மாறும். மேலே உள்ள அமைச்சும் மாறும், அண்மைய ஆண்டுகளில் மட்டும் அறிவியலிலிருந்து சுற்றுச்சூழல் பக்கம் போய்விட்டது. எனக்கு அந்த வரைபடத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. உண்மையான பிரிவினை காலத்தின் அளவில் நடக்கிறது. சில மணி நேரத்துக்கு ரேடார். சில நாளுக்குக் கணினி மாதிரி. சில மாதத்துக்குக் கடலின் வெப்பநிலை. பல பத்தாண்டுக்குப் பருவநிலை மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு, கணிதம் வேறு, தவறு செய்யும் விதமும் வேறு.

பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் வானிலைத் துறை ஆய்வாளருக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். பல்கலைக்கழகத்தில் ‘ஏன் இப்படி நடக்கிறது’ என்று கேட்டு ஐந்து ஆண்டு உழைக்கலாம். துறையில் கேள்வி தினமும் காலையில் தானாக வந்து நிற்கும்: நேற்று சொன்னதும் நேற்று நடந்ததும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன? முன்னறிவிப்பைப் பதிவோடு வைத்து ஒப்பிடுகிற இந்தச் சரிபார்ப்புதான் ஒரு வானிலைத் துறையின் ஆராய்ச்சிக்கு முதுகெலும்பு. துறையில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவரும் இரவுப் பணியில் இடியுடன்கூடிய மழைக்கு எச்சரிக்கை விடுகிறவரும் பெரும்பாலும் ஒரே பயிற்சியில் வந்தவர்கள். சில நேரம் ஒரே ஆள். இதில் பெரிய நன்மை உண்டு, எழுதுகிறவருக்குத் தவறின் சூடு தெரியும். தீமையும் உண்டு. அரசுப் பணியில் இடமாற்றம் வழக்கம். ஒரு மலையைப் பத்து ஆண்டு தொடர்ந்து கவனிக்க யாருக்கும் வாய்ப்பதில்லை.

மலாயா வானிலைப் பணி 1929 ஜனவரி 1-இல் சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்டு தொடங்கியது. அதற்கு முன் மழையையும் வெப்பத்தையும் குறித்துவந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவத் துறையினர். காய்ச்சலுக்கும் காற்றுக்கும் தொடர்பிருப்பதாக அக்கால மருத்துவம் நம்பியது, அதனால் மருத்துவமனை வளாகத்தில் மழைமானி இருந்தது. விமானங்கள் வந்தபின் வானிலைப் பணியின் முகம் மாறியது. இன்றும் கெடாவின் முதன்மை நிலையங்களான அலோர்ஸ்டாரும் லங்காவியும் விமான நிலையத்தோடு ஒட்டியே இருக்கின்றன. மலாயா 1958-இல் உலக வானிலை அமைப்பில் சேர்ந்தது. சிங்கப்பூர் பிரிந்தபின் பணியும் இரண்டாகியது.

ஆனால் தென்கிழக்காசிய வானிலை ஆராய்ச்சிக்கு உண்மையான திருப்பம் 1978 டிசம்பரில் வந்தது. உலக அளவிலான வளிமண்டலச் சோதனை ஒன்றின் பகுதியாக, 1978 டிசம்பர் 1 முதல் 1979 மார்ச் 5 வரை ‘குளிர்கால மோனெக்ஸ்’ என்ற கள ஆய்வு கோலாலம்பூரை மையமாக வைத்து நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்றை அதன் வீட்டிலேயே போய்ப் பார்ப்பதுதான் திட்டம். கப்பல்கள் தென்சீனக் கடலில் நின்றன, ஆய்வு விமானங்கள் பறந்தன, சரவாக்கின் பிந்துலுவில் ரேடார் ஒன்று நிறுவப்பட்டது. சைபீரியப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று பாய்ந்து வருவதும், போர்னியோவுக்கு அருகே அது சுழலாக மாறி மழை கொட்டுவதும் அப்போது நெருக்கமாகப் பதிவாகின. மலேசிய வானிலைப் பணியின் சியாங் பூன் கியான் இந்தச் சுழல்களைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டே எழுதியிருந்தார்; வெளிநாட்டு விமானங்கள் வருமுன்பே கேள்வி இங்கே எழுந்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிந்துலு ரேடார் இன்னொன்றையும் காட்டியது. பகலில் நிலத்தின்மேல் எழும் மழை, இரவில் கரையோரக் கடலுக்குப் போய், அதிகாலையில் அங்கே உச்சம் அடைகிறது. நிலக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்து நடத்தும் தினசரி நாடகம் இது. பால்மரம் வெட்டுகிறவரின் நான்கு மணி மழைக்கும் இதே வகை இயற்பியல்தான் பதில் சொல்ல வேண்டும்.

கெடாவுக்கு இந்தப் பருவக்காற்று வேறு முகம் காட்டுகிறது. டிசம்பரில் கிளந்தான் மூழ்கும்போது தித்திவங்சா மலைத்தொடரின் மறைவில் கெடா காயத் தொடங்குகிறது. ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெறிச்சென்று கிடக்கும், பால்மரங்கள் இலையுதிர்க்கும். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் அலோர்ஸ்டாரின் தலைக்கு நேர் மேலே வந்துவிடும்; காற்று தளரும்; மாலை இடிமழை தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு மழைக்காலம். புதுத் தளிர் விடும் நேரத்தில் மழை முந்தினால் இலைநோய் தாக்கும். ஆகவே ரப்பருக்கும் நெல்லுக்கும் ஏப்ரல் முக்கியம், எதிரெதிர்க் காரணங்களுக்காக. நாடு முழுமைக்கும் ஒரே முன்னறிவிப்பு ஏன் போதாது என்பதற்கு ஒரே மாநிலத்துக்குள்ளேயே கிடைக்கும் சாட்சி இது.

மாதக் கணக்கிலான முன்னறிவிப்பின் கதை நம் முன்னோரின் கதையோடு பின்னிக்கிடக்கிறது. இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். பசியில் ஊரைவிட்டவர்களில் பலர் கப்பலேறினார்கள், இலங்கைக்கும் மலாயாவின் குடியேற்றங்களுக்கும். 1877-இல் பசிபிக் பெருங்கடலில் மிக வலுவான எல் நீனோ, அதாவது கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, நிலவியது என்பது மிகப் பின்னால் தெரிந்தது. மழை தவறுவதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வியோடுதான் 1904-இல் கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலாளர் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து அழுத்த, மழை எண்களைச் சேர்த்தார். இந்திய எழுத்தர்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள். பசிபிக்கின் ஒரு புறம் அழுத்தம் ஏறும்போது இந்தோனேசியா, இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிற ஊசலாட்டம் அந்தக் கணக்கிலிருந்து வெளிவந்தது. அதற்கு அவர் ‘தென் அலைவு’ என்று பெயர் வைத்தார். எல் நீனோவோடு அதை இணைத்து விளக்கியவர் யாக்கோப் பியெர்க்னெஸ், 1969-இல். பஞ்சத்துக்குப் பதில் சொல்ல ஒரு வானிலைத் துறை தொடங்கிய தேடல், பஞ்சத்தால் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊருக்கு இன்று பயன்படுகிறது. பெட்டாலிங் ஜெயாவின் பருவநிலை மையம் அடுத்த சில மாதங்களுக்குச் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஊசலாட்டத்தைக் கவனித்துச் சொல்வதுதான்.

அது உதவுகிறது. 1997-98 எல் நீனோவின் முடிவில், 1998 ஏப்ரல் 9 அன்று கெடாவுக்குப் பக்கத்து பெர்லிஸில் சூப்பிங் நிலையம் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவுசெய்தது. நாட்டின் உச்சப் பதிவு அது. 2016 எல் நீனோவின்போது பெர்லிஸிலும் கெடாவின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் வெப்பத்துக்காகப் பள்ளிகளை மூடினார்கள். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் முதல் நிலை, 37-ஐத் தாண்டினால் வெப்ப அலை, 40-ஐத் தாண்டினால் உச்ச நிலை என்று இப்போது வரம்புகள் இருக்கின்றன. பள்ளியை மூடுவதா என்ற முடிவுக்கு உதவும் இப்படிப்பட்ட வரம்பும் ஆராய்ச்சியின் விளைபொருள்தான், யாரும் அதை அப்படி நினைப்பதில்லை என்றாலும்.

மேக விதைப்பை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மலேசியாவில் 1970களிலிருந்தே நடக்கிறது. விமானப்படையின் விமானம் உப்புக் கரைசலை மேகத்தில் தெளிக்கும். உப்புத் துகளைச் சுற்றி நீர் சேர்ந்து துளி பெருத்து விழும். இயற்பியல் சரிதான். ஆனால் விதைக்க மேகம் வேண்டும், கெடா காயும் பிப்ரவரியில் மேகம்தான் இல்லை. மேகம் வந்தபின் விதைத்துப் பெய்தால், விதைக்காமலே பெய்திருக்குமா என்று நிரூபிப்பது உலகில் எங்குமே கடினமாக இருக்கிறது. அணை இறங்கும்போது மக்கள் ‘ஏதாவது செய்யுங்கள்’ என்பார்கள். விமானம் ஏறுவது செய்தியாகும். ஆராய்ச்சி நேரத்துக்கும் பணத்துக்கும் இதைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன என்பது என் தீர்ப்பு.

2010 நவம்பர் முதல் வாரம் கெடா மூழ்கியது. அலோர்ஸ்டார் விமான ஓடுபாதை நீருக்குள் போனது, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை மூடப்பட்டது, பல்லாயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். காரணம், கிழக்கிலிருந்து வந்து தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கெடாவைத் தாண்டியதும் அது நின்றுவிடவில்லை. வங்காள விரிகுடாவில் இறங்கி, ‘ஜல்’ என்ற புயலாக வலுத்து, பின் சற்றுத் தளர்ந்து, நவம்பர் 7 இரவு சென்னைக்கு அருகே கரை கடந்தது. அலோர்ஸ்டாரில் குடை பிடித்த அண்ணனுக்கும் சென்னையில் சன்னலை அடைத்த அக்காளுக்கும் ஒரே மழை, ஒரு வார இடைவெளியில்.

புயல் கண்காணிப்பில் உலகைப் பங்குபோட்டிருக்கிறார்கள். மேற்கு பசிபிக் தோக்கியோவின் பொறுப்பு, வட இந்தியப் பெருங்கடல் புதுடெல்லியின் பொறுப்பு. இரண்டுக்கும் எல்லை கிழக்குத் தீர்க்கரேகை 100 டிகிரி. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால், அது லங்காவித் தீவுக்கும் கெடாக் கரைக்கும் நடுவில் கடலில் இறங்குகிறது. ஒரு மாநிலமே இரண்டு பொறுப்பு எல்லைக்குள் கிடக்கிறது என்பது கேட்க வேடிக்கை. நடைமுறையில் எண்கள் உலக வலையில் எல்லாருக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பினாங்கின் பாயான் லெப்பாசில் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பலூன் மேலே போகிறது; அதே நேரத்தில் சென்னையிலும் போகிறது, ஏனென்றால் உலகம் முழுவதும் கிரீன்விச் கணக்கில் ஒரே கணத்தில்தான் அளக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அந்த எண்கள் இல்லாமல் எந்த நாட்டின் கணினி மாதிரியும் தொடங்காது.

கணினி மாதிரி வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பம், ஒரு காற்று, ஓர் ஈரம் என்று வைத்துக்கொண்டு அடுத்த நிமிடத்தைக் கணக்கிடும். கட்டத்தின் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். யானுக்கும் மெர்போக்குக்கும் இடையே கடலோரச் சமவெளியிலிருந்து 1,217 மீட்டர் எழுந்து நிற்கிறது குனோங் ஜெராய். பழைய கெடாவான கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு நெடுந்தூரத்திலிருந்தே கண்ணில் பட்ட மலை. அது அந்தக் கட்டத்துக்குள் சமவெளியோடு சராசரியாகி ஒரு மேடாகிவிடும். மாலுமியின் கண்ணுக்குத் தெரிந்த மலை மாதிரியின் கண்ணுக்குத் தெரியாது. கட்டத்தை மூன்று கிலோமீட்டராகக் குறைத்தால் மலை ஓரளவு தலைநீட்டும். ஆனால் கட்டங்கள் ஒன்பது மடங்காகும், காலத்தையும் மூன்றில் ஒரு பங்காக நறுக்க வேண்டும். ஆக வேலை இருபத்தேழு மடங்கு. அதோடு ஓர் உருவத்தைச் சரியாகப் பிடிக்க அதன் குறுக்கே ஐந்தாறு கட்டமாவது வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். ஓர் இடிமேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான்.

2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயின் மேல் பெய்த மழை, மண்ணையும் பாறையையும் மரங்களையும் வாரிக்கொண்டு ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் மலைவெள்ளமாக யான் பக்கம் இறங்கியது. ஆறு பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தின் கூப்பாங்கில், குனோங் இனாஸ் சரிவிலிருந்து அதே வகைப் பேரழிவு, மூவர் இறந்தார்கள். இரண்டும் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம், நாட்டின் பெரும்பகுதியில் பொதுவாக மழை குறைவாக எதிர்பார்க்கப்படும் மாதங்கள். இரண்டிலும் மழை பெய்தது சிறு பரப்பில், சில மணி நேரத்தில். அலோர்ஸ்டார் ரேடார் மேகத்தைப் பார்க்கும். ஆனால் தூரம் கூடக் கூட அலைக்கற்றை உயர்ந்துகொண்டே போகும், இடையில் மலை வந்தால் மறைக்கும். மழைமானிகள் பெரும்பாலும் மக்கள் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. உச்சியில் பெய்வது அடிவாரத்து மானிக்குத் தெரியாது.

இங்கேதான் அமைப்பு பற்றிய கேள்வி கடுமையாகிறது. வானத்திலிருந்து விழும்வரை மழை மெட்மலேசியாவுடையது. ஆற்றில் சேர்ந்ததும் நீர்ப்பாசன, வடிகால் துறையுடையது. அவர்களுக்குச் சொந்த மழைமானி வலை இருக்கிறது, சொந்த வெள்ள முன்னறிவிப்பு இருக்கிறது. சரிவு இடிந்து பாறை உருண்டால் அது கனிம, புவி அறிவியல் துறையின் பாடம். காடு வனத்துறையுடையது. மக்களை வெளியேற்றுவது பேரிடர் நிர்வாக நிறுவனமும் மாவட்ட அலுவலகமும். யானில் வந்ததோ தண்ணீரும் மண்ணும் மரமும் ஒன்றாகக் கலந்த ஒரே பொருள். அதைத் துறைவாரியாகப் பிரிக்க முடியாது. மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் எத்தனை மணி நேரம் பெய்தால் ஜெராயின் சரிவு இடியும் என்ற ஒற்றை எண், வானிலையாளரும் நிலவியலாளரும் ஒரே மேசையில் பல ஆண்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

இப்படிச் சேர்ந்து உட்காருவது முடியாத காரியமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கோத்தா கோலா மூடாவைத் தாக்கியபோது நாட்டில் முறையான சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அதன்பின் நிலநடுக்க மானிகளும் கடல்மட்டக் கருவிகளும் எச்சரிக்கை ஒலிபரப்பிகளும் ஒரே மையத்தின் கீழ் வந்தன, அதுவும் வானிலைத் துறையின் கீழேயே. இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் அலுவலகம் அதுதான் என்பது எளிய காரணம். மலைவெள்ளத்துக்கும் அதே தர்க்கம் பொருந்தும். பல்கலைக்கழகங்களில் ஆள்பலம் இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பிரெடோலின் தங்காங் என்ற ஆய்வாளர் தென்கிழக்காசியப் பருவநிலை மாதிரிக் கூட்டு முயற்சியையே கட்டி நடத்தினார். 2099 வரைக்குமான பருவநிலைக் காட்சிகளைத் துறை 2009-இலேயே வெளியிட்டுவிட்டது. நூற்றாண்டின் முடிவைப் பற்றி அறிக்கை இருக்கிறது, ஜெராயின் அடுத்த மூன்று மணி நேரத்தைப் பற்றி நம்பிச் சொல்ல ஆள் இல்லை என்றால், முன்னுரிமையில் ஏதோ சாய்வு இருக்கிறது.

சிறு பரப்பு மழையைக் கணிக்க இன்னொரு தேவை, நீண்ட பழைய பதிவு. ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை’ என்று பொறியாளர் சொல்லும் எண்ணை முப்பது ஆண்டுப் பதிவிலிருந்து பெறுவது ஊகத்தை நீட்டுவதுதான். கெடாவில் அந்தப் பதிவு தோட்டங்களில் இருந்தது. ஆபீசுக்கு முன்னால் புல்வெளியில் ஒரு செம்பு மழைமானி, காலையில் அளந்து கிராணி என்ற தோட்டக் கணக்கர் அங்குலத்தில் எழுதும் புத்தகம். வெட்டு நாள் எத்தனை, மழையால் போன நாள் எத்தனை என்று கணக்குக் காட்டத் தோட்டத்துக்கு அது தேவைப்பட்டது. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் வந்தது. துண்டாகிப்போன தோட்டத்தில் மானியை யார் அளப்பது, புத்தகத்தை யார் எழுதுவது? பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சுங்கை பட்டாணியைச் சுற்றி வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இன்று உலகெங்கும் வானிலைத் துறைகள் இப்படிப்பட்ட பழைய ஏடுகளைத் தேடியெடுத்து எண்ணாக்கிக்கொண்டிருக்கின்றன. உலக வானிலை அமைப்பே இதை ஒரு பணியாக வைத்திருக்கிறது. அப்படி மீட்ட எண்களைக் கணினியில் ஊட்டி, நூறு ஆண்டுக்கு முந்தைய புயல்களையும் மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள்.

கெடாவில் உங்கள் தாத்தாவோ அப்பாவோ கிராணியாக இருந்திருந்தால், வீட்டுப் பெட்டியில் அத்தகைய மழைப் புத்தகம் ஒன்று இருக்கக்கூடும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, அளந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, மூலத்தை மெட்மலேசியாவுக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். மை மங்கியிருந்தாலும் பரவாயில்லை, இடையில் சில மாதம் விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை.